எழுத்துக் கட்டங்களில் சாளரங்கள்: டெலிடைப் முதல் ஜாவா வரை

டெர்மினல் திரையில் இருப்பவை எழுத்துகளுக்கான கட்டங்கள் மட்டுமே. வழக்கமான அளவு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி. அந்த 1,920 கட்டங்களுக்குள் சட்டமிட்ட சாளரம், கீழிறங்கும் மெனு, பொத்தான், நிரப்பும் பெட்டி, சாளரத்தின் நிழல் என எல்லாவற்றையும் எழுத்துகளைக் கொண்டே உருவாக்கும் கலைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சி மொழியிலும் பாஸ்கலிலும் வளர்ந்த அந்தக் கலை ஜாவாவுக்குத் தாமதமாகவே வந்துசேர்ந்தது. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட மொழி ஜாவா. டெர்மினலோ ஒவ்வொரு இயக்குதளத்திலும் ஒவ்வொரு வழக்கம் உடையது. சார்வா, ஜேகர்சஸ், லான்டெர்னா, ஜெக்ஸர் போன்ற ஜாவா லைப்ரரிகள் அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவை. அவற்றின் அமைப்பில் இன்று விசித்திரமாகத் தோன்றும் பலவும் மிகப் பழைய இயந்திரங்களிலிருந்து வந்தவை.

டெர்மினலின் குணங்கள் காகிதக் காலத்திலேயே அமைந்துவிட்டன. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அச்சிடும்; ஒரு வரியில் 72 எழுத்து கொள்ளும். அச்சான எழுத்தை அழிக்க முடியாது, மேல் வரிக்குத் திரும்பவும் முடியாது. 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ், இத்தகைய இயந்திரங்களை மனத்தில் வைத்தே உள்ளீட்டையும் வெளியீட்டையும் வகுத்தது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பயனர் ஒரு வரியை முழுக்க அடித்து ரிட்டர்ன் விசையை அழுத்தும்வரை நிரலுக்கு எதுவும் தெரியாது. நடுவில் நேர்ந்த தட்டச்சுப் பிழையை அழித்துத் திருத்தும் வேலையை இயக்குதளமே பார்த்துக்கொள்ளும். நிரல் எழுதுபவருக்கு இது பெரிய வசதி. அவர் கைக்கு வருவது எப்போதும் முழுமை பெற்ற வரி. ஆனால் அம்புக்குறியை அழுத்தியதுமே மெனுவில் அடுத்த வரிக்கு நகர வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, இதே வசதி முதல் தடையானது. ஒவ்வொரு விசையையும் உடனுக்குடன் ஒப்படைக்கும் ‘ரா மோட்’ யூனிக்ஸில் இருந்தது. சி நிரல் அதற்கு மாற ஓரிரு இயக்குதள அழைப்புகள் போதும். பின்னாளில் ஜாவா நிரலாளர்களை மிகவும் அலைக்கழித்தது இந்த ஒரு சின்ன மாற்றம்தான்.

1970களில் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் 1975இல் விடி52ஐயும், லியர் சீக்லர் நிறுவனம் 1976இல் ஏடிஎம்-3ஏவையும் வெளியிட்டன. கர்சரைத் திரையின் எந்தக் கட்டத்துக்கும் கொண்டுசெல்ல முடிந்தது. எழுதியதை அழிக்க முடிந்தது. 80 என்ற அகலம் ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையின் 80 நெடுவரிசைகளிலிருந்து வந்தது. கர்சரை நகர்த்தும் கட்டளை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. ஒரு டெர்மினலுக்குப் புரியும் எழுத்துக்கோவை மற்றொன்றின் திரையில் குப்பையாக விழுந்தது. 1978இல் வந்த விடி100 அப்போது உருவாகிவந்த ஆன்சி தரத்தைப் பின்பற்றியது. எஸ்கேப் எழுத்து, ஒரு திறப்புச் சதுர அடைப்பு, வரி எண், அரைப்புள்ளி, நெடுவரிசை எண், கடைசியில் எச் என்னும் எழுத்து: இந்த வரிசையில் அனுப்பினால் கர்சர் அந்தக் கட்டத்தில் போய் நிற்கும். விடி100 விற்பனையிலிருந்து மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும், லினக்ஸ், மேக் கணினிகளின் டெர்மினல்கள் இதே கோவைக்கு இன்றும் கட்டுப்படுகின்றன.

சட்டம் வரைவதற்கும் விடி100 ஒரு வழி வைத்திருந்தது. சிறப்பு எழுத்துத் தொகுதிக்கு மாற்றிவிட்டால் க்யூ என்ற எழுத்து கிடைக்கோடாகவும், எக்ஸ் செங்குத்துக்கோடாகவும், ஜே, கே, எல், எம் ஆகியவை நான்கு மூலைகளாகவும் தெரியும். அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாத டெர்மினலில் சாளரத்தின் மேல்விளிம்பு எல், க்யூ, க்யூ, க்யூ, கே என்று வெறும் எழுத்துகளாக நிற்கும். டெர்மினல் நிரல்களோடு பழகியவர்கள் இந்தக் காட்சியை இன்றும் அவ்வப்போது காண்கிறார்கள்.

ஐபிஎம் பெருங்கணினிகள் வேறு வழியில் போயின. 1971இல் அறிவிக்கப்பட்ட 3270 டெர்மினலுக்குக் கணினி ஒரு முழுப் படிவத்தை அனுப்பிவிடும். பயனர் எல்லாப் புலங்களையும் நிரப்பி என்டர் விசையை அழுத்தியபின் மாறியவை மட்டும் திரும்பிப் போகும். வங்கிகளும் விமான நிறுவனங்களும் பல்லாயிரம் பேரை ஒரே கணினியில் இணைக்க இதுவே உதவியது. எனினும் ஜாவா லைப்ரரிகளின் வம்சாவளி யூனிக்ஸ் பக்கமே செல்கிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியது ஏடிஎம்-3ஏ டெர்மினலில். அந்தக் கீபோர்டில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐ எடிட்டரில் கர்சரை நகர்த்த அந்த நான்கு விசைகள் அமைந்ததற்கு அதுவே காரணம். பல்வேறு டெர்மினல்களில் விஐ இயங்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு டெர்மினலும் எந்தக் கோவைக்கு என்ன செய்யும் என்ற விவரங்களைத் தொகுத்த டெர்ம்கேப் என்ற கோப்பு 1978 வாக்கில் உருவானது. நிரலுக்குள் எந்த டெர்மினலின் பெயரும் இருக்காது. தேவையான கட்டளையை அந்தக் கோப்பில் தேடி எடுத்துக்கொள்ளும்.

அதே வளாகத்தில் கென் ஆர்னல்ட், விஐ எடிட்டரின் கர்சர் நகர்த்தும் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து விரிவாக்கி, கர்சஸ் என்ற லைப்ரரியை உருவாக்கினார். டெர்மினல் சாளரங்களின் வரலாற்றில் மிக முக்கியமான கருத்து இங்கேதான் வடிவம் பெற்றது. அதன் அருமை அன்றைய தொலைபேசி இணைப்புகளின் வேகத்தைப் பார்த்தால் விளங்கும். நொடிக்கு 300 பிட் செல்லும் இணைப்பில் 30 எழுத்துதான் போகும். 1,920 கட்டங்கள் கொண்ட திரையை முழுதாக ஒருமுறை எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். 1,200 பிட் இணைப்பிலும் 16 நொடி. ஒரு சாளரம் திறக்கும்போதெல்லாம் பயனர் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால் கர்சஸ் திரையின் இரண்டு பிரதிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டது. ஒன்று, டெர்மினலில் இப்போது தெரிவது. மற்றொன்று, நிரல் காட்ட விரும்புவது. நிரல் தன் விருப்பப்படி இரண்டாவது பிரதியில் எழுதிக்கொண்டே போகும். அப்போது கம்பிவழியே ஓர் எழுத்துகூடச் செல்லாது. ‘ரெஃப்ரெஷ்’ என்று கேட்டதும் இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் அனுப்பும். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போக முழு முகவரி அனுப்புவது மலிவா, இரண்டு பேக்ஸ்பேஸ் அனுப்புவது மலிவா என்றுகூடக் கணக்குப் பார்க்கும். 1980 வாக்கில் மைக்கேல் டாயும் க்ளென் விக்மனும் எழுதிய ரோக் என்ற நிலவறை விளையாட்டு கர்சஸ் மேல் எழுந்து கல்லூரிக் கணினிகளில் பரவியபோது, லைப்ரரியும் கூடவே பரவியது.

வேகத்துக்காகப் பிறந்த இந்த இரட்டைப் பிரதி ஏற்பாடு வேறொரு நன்மையையும் தந்தது, அதுவே காலப்போக்கில் பெரிதானது. திரையில் என்ன இருக்கிறது என்று நினைவகத்தில் தெரிந்திருப்பதால், ஒரு சாளரத்தை மூடும்போது அதன் பின்னால் மறைந்திருந்ததை மீண்டும் வரைய முடிகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் இல்லாமல் மெனுவோ செய்திப் பெட்டியோ சாத்தியமில்லை. ஏடி&டியின் சிஸ்டம் 5 யூனிக்ஸ் கர்சஸோடு பேனல் என்ற துணை லைப்ரரியைச் சேர்த்து, சாளரங்களை ஓர் அடுக்காக வைத்து மேலே கீழே நகர்த்தும் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. டெர்ம்கேப் கோப்பின் இடத்தில் டெர்மின்ஃபோ என்ற தொகுக்கப்பட்ட தரவுத்தளமும் அதே யூனிக்ஸில் வந்தது. கட்டற்ற மென்பொருளாக எழுதப்பட்ட என்கர்சஸ் 1993இல் வெளியாகி லினக்ஸ் உலகத்தின் பொதுச் சொத்தானது.

இதற்கிடையே ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் 1981இல் வந்து நிலைமையை வேறு பக்கம் திருப்பியது. இங்கே கம்பியும் இல்லை, தொலைதூர டெர்மினலும் இல்லை. 80க்கு 25 திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்: ஒன்று எழுத்து, மற்றொன்று நிறம். அந்த 4,000 பைட்டில் நிரல் நேரடியாக எழுதலாம். எழுதியது உடனே திரையில் தெரியும். அந்தக் கணினியின் எழுத்துத் தொகுதியிலேயே ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு, மூலைகள், சந்திப்புகள், சாம்பல் புள்ளிக் கட்டங்கள் எல்லாம் இருந்தன. 1980களின் டாஸ் நிரல்கள் அவ்வளவு அழகாக இருந்ததற்கு இந்த இரண்டு வசதிகளும் காரணம். போர்லண்ட் நிறுவனத்தின் சைட்கிக் 1984இல் வேறு நிரலின் மேலேயே சாளரமாக எழுந்து நின்றது. 1986இல் நார்ட்டன் கமாண்டர் திரையை இரண்டு நீலப் பலகைகளாகப் பிரித்தது.

இந்த மரபின் உச்சம் 1990இல் டர்போ பாஸ்கல் 6.0 உடன் வந்த டர்போ விஷன். சாளரம், உரையாடல் பெட்டி, மெனுப் பட்டை, நிலைப் பட்டை ஒவ்வொன்றும் ஒரு பொருளாக, ஒன்றிலிருந்து ஒன்று பண்புகளைப் பெறுபவையாக அமைந்தன. விசைப்பலகையோ மவுஸோ தரும் நிகழ்வு முதலில் பயன்பாட்டுக்கும், அங்கிருந்து மேலே உள்ள சாளரத்துக்கும், அதனுள் தேர்வாகியிருக்கும் பொத்தானுக்கும் இறங்கிச் செல்லும். சாளரத்தின் நிழல் உருவான விதம் தனிப் பாராட்டுக்குரியது. பின்னால் உள்ள எழுத்துகளைத் தொடாமல் அவற்றின் நிறப் பைட்டை மட்டும் கருப்பின்மேல் கருஞ்சாம்பலாக மாற்றினால் போதும். எழுத்து மங்கலாகத் தெரிய, சாளரம் திரையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் இருக்கும். போர்லண்டின் நிரல் எழுதும் சூழலே டர்போ விஷனில் கட்டப்பட்டிருந்ததால், அதன் தோற்றம் ஒரு தலைமுறை நிரலாளர்களின் கண்ணில் பதிந்துபோனது. நீலப் பின்னணி, வெளிர்சாம்பல் உரையாடல் பெட்டி, கீழும் வலமும் கருநிழல் என்ற அந்தத் தோற்றத்தை ஜாவா லைப்ரரிகள் சில பின்னர் எடுத்துக்கொண்டன.

ஜாவாவை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995 மே மாதம் அறிவித்து, 1996 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. அது உலாவிகளின் காலம். மொழியோடு வந்த ஏடபிள்யூடி, 1998இல் சேர்ந்த ஸ்விங் ஆகிய இரண்டும் படத்திரைக்கானவை. டெர்மினலுக்கு ஜாவா கொடுத்தது பைட்டுகள் ஓடும் மூன்று ஓட்டங்கள் மட்டுமே: உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி. வெளியீட்டில் சிக்கல் இல்லை. எஸ்கேப் கோவையும் பைட்டுகள்தான் என்பதால் ஜாவா நிரலும் முதல் நாளிலிருந்தே கர்சரை நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். உள்ளீட்டில்தான் எல்லாம் நின்றது. ரா மோடுக்கு மாறும் வழி ஜாவாவின் வரையறையில் இல்லை. பயனர் என்டர் அழுத்தும்வரை நிரலுக்கு எதுவும் வராது என்ற டெலிடைப் காலத்து ஏற்பாட்டுக்குள் ஜாவா நிரல் சிறைப்பட்டது. திரையின் அகலம், உயரம் என்ன, பயனர் டெர்மினலின் அளவை மாற்றினாரா என்பவற்றையும் கேட்டறிய முடியாது. எல்லா இயக்குதளங்களுக்கும் பொதுவானதை மட்டும் தருவது என்ற சன் நிறுவனத்தின் கொள்கை படத்திரைக்கு எவ்வளவு நன்மை செய்ததோ, டெர்மினலுக்கு அவ்வளவு தீங்கு செய்தது.

1997இல் ஜாவா 1.1 உடன் வந்த ஜேஎன்ஐ என்ற இணைப்பு முறை முதல் வழியைத் திறந்தது. அதன்மூலம் ஜாவாவிலிருந்து சி மொழிச் செயல்களை அழைக்கலாம். சார்வா அந்த வழியில் என்கர்சஸைத் தொட்டது. அதன் சிறப்பு, ஸ்விங்கின் வகுப்புகளுக்கு அதே பெயர்களிலேயே டெர்மினல் வடிவம் தந்தது. சட்டகம், பொத்தான், உள்ளீட்டுப் புலம், பட்டியல், இடஅமைப்பு முறைகள் எல்லாம் ஸ்விங் அறிந்தவருக்கு ஏற்கெனவே பழக்கமானவை. தொகுப்பின் பெயர் மட்டும் வேறு. கடைகளிலும் கிடங்குகளிலும் எழுத்து டெர்மினல்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே நாள்முழுதும் தரவு உள்ளிடுபவருக்கு மவுஸைத் தேடும் வேலை இல்லை. டேப் விசையும் எண்விசைகளும் போதும். ஜேகர்சஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டுக்கும் தனித்தனி சி பகுதிகளோடு, தனக்கென்று வகுத்த பொத்தான்களோடும் பட்டியல்களோடும் வந்தது. சார்வா, ஜேகர்சஸ் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று. ஒவ்வொரு இயக்குதளத்துக்கும், ஒவ்வொரு செயலி வகைக்கும் அந்தச் சி பகுதியைத் தனியே தொகுத்துத் தர வேண்டும். அது பொருந்தாத இடத்தில் நிரல் தொடங்கவே தொடங்காது. ஒரே கோப்பை எங்கும் கொண்டுசெல்லலாம் என்பதற்காகவே ஜாவாவைத் தேர்ந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு.

இதே காலத்தில் ஜேலைன் என்ற லைப்ரரி சிறிய இலக்கோடு தொடங்கியது. சாளரம் வேண்டாம், ஒரு வரியை வசதியாகத் திருத்தவும், பழைய கட்டளைகளை மேலம்பால் திரும்ப எடுக்கவும், டேப் விசையால் நிறைவுசெய்யவும் முடிந்தால் போதும். ஸ்காலா, க்ரூவி மொழிகளின் கட்டளைவரிகள் அதை ஏற்றன. 2017இல் ஜாவா 9 உடன் வந்த ஜேஷெல் கருவியும் ஜேலைன் நிரலையே உள்ளே வைத்திருக்கிறது. சன் தரப்பில் 2006 டிசம்பரில் ஜாவா 6 ‘கன்சோல்’ என்ற வகுப்பைச் சேர்த்தது. பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவந்த ஒன்று, திரையில் காட்டாமல் கடவுச்சொல் வாங்கும் வசதி, அதன்மூலம் கிடைத்தது. ஒற்றை விசையைப் படிக்கும் வழி அப்போதும் கிடைக்கவில்லை.

மார்ட்டின் பெர்க்லண்ட் 2010இல் தொடங்கிய லான்டெர்னா சி மொழியை அறவே விலக்கி, முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டது. ரா மோட் பிரச்சினைக்கு அது கண்ட விடை எளிமையானது. யூனிக்ஸில் டெர்மினலின் முறைகளை மாற்ற எஸ்டிடிஒய் என்ற பழைய கட்டளை உண்டு. லான்டெர்னா அதைத் துணை நிரலாக இயக்குகிறது. ஜாவா தொடங்கும் துணை நிரலின் உள்ளீடு சாதாரணமாக டெர்மினலோடு இணைந்திருக்காது. ஜாவாவோடு இணைந்த குழாய் அது. அதனால் எஸ்டிடிஒய் மாற்ற வேண்டிய டெர்மினலையே காணாது. இதற்காக யூனிக்ஸின் டிடிஒய் என்ற சாதனக் கோப்பைத் திறந்து அதன் உள்ளீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நிரல் முடியும்போது பழைய முறைக்குத் திருப்புவதும் அதே வழியில்தான். திருப்பாமல் நிரல் இறந்துவிட்டால், பயனர் அடிப்பது எதுவும் திரையில் தெரியாத டெர்மினல் ஒன்று மிஞ்சும். எனவே ஜாவா பொறி நிற்கும்போது ஓடும்படி ஒரு கடைசிச் செயலைப் பதிவுசெய்து வைக்கிறது. வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டால் அதுவும் ஓடாது. அப்போது ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று கண்மூடித் தட்டச்சு செய்வதே வழி.

திரையின் அளவை அறியும் முறை அதைவிட நயமானது. கர்சரை 5,000ஆவது வரி, 5,000ஆவது நெடுவரிசைக்குப் போகச் சொல்கிறது லான்டெர்னா. அவ்வளவு பெரிய திரை இல்லாததால் கர்சர் வலக் கீழ்மூலையில் நின்றுவிடும். பிறகு ‘எங்கே இருக்கிறாய்’ என்று ஆன்சி தரத்தின் கேள்விக் கோவையை அனுப்பினால், வரும் பதிலே திரையின் அளவு. அளவு மாறும்போது யூனிக்ஸ் அனுப்பும் வின்ச் சமிக்ஞையைப் பிடிக்க, ஜாவாவின் அதிகாரபூர்வமற்ற உள்வகுப்பு ஒன்றைப் பெயரால் தேடி, இருந்தால் மட்டும் பயன்படுத்துகிறது.

விசைகளைப் படிப்பதிலும் 1970களின் முடிவு ஒன்று குறுக்கே நிற்கிறது. மேலம்பு விசையை அழுத்தினால் வருவது எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ என்ற மூன்று எழுத்துகள். எஸ்கேப் விசையை மட்டும் அழுத்தினால் வருவதும் அதே எஸ்கேப் எழுத்துதான். முதல் எழுத்தைக் கண்டதும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. சிறிது நேரம் காத்து, வேறு எழுத்து தொடரவில்லை என்றால் தனி எஸ்கேப் என்று முடிவெடுப்பதே விஐ காலத்திலிருந்து வழக்கம். லான்டெர்னாவும் வரும் எழுத்துகளை ஒரு வடிவப் பட்டியலோடு ஒப்பிட்டு அதே முடிவை எடுக்கிறது. மெதுவான தொலை இணைப்பில் அந்த மூன்று எழுத்துகள் பிரிந்து வந்தால் அம்புக்குறி தவறாகப் புரியப்படும் ஆபத்து எப்போதும் உண்டு.

லான்டெர்னா மூன்று அடுக்காக அமைந்தது. கீழே ‘டெர்மினல்’: கர்சர், நிறம், விசை என்ற அடிப்படைகள் மட்டும். நடுவே ‘ஸ்கிரீன்’: கென் ஆர்னல்டின் இரட்டைப் பிரதி இங்கே முன்பஃபர், பின்பஃபர் என்ற பெயர்களில் அப்படியே வாழ்கிறது. மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புவதே இன்றும் நல்ல முறை. இணைப்பின் வேகம் பலமடங்கு கூடினாலும், திரை முழுதும் அழிந்து மீண்டும் எழுதப்படும்போது கண்ணுக்கு ஒரு மினுக்கல் தெரியும். மாறியதை மட்டும் எழுதினால் தெரியாது. மேலே சாளரங்களின் அடுக்கு. பின்னால் உள்ள சாளரத்திலிருந்து தொடங்கி முன்னால் வரை ஒவ்வொன்றாகப் பின்பஃபரில் வரைந்து, கடைசியில் ஒரே முறை திரைக்கு அனுப்புகிறது. பொத்தான், உரைப்பெட்டி, தேர்வுக்கட்டம், அட்டவணை எல்லாம் உண்டு. கட்டஇடஅமைப்பு எக்லிப்ஸ் குழுவின் எஸ்டபிள்யூடி என்ற படத்திரை லைப்ரரியைப் பின்பற்றியது. ஸ்விங்கைப் போலவே எல்லா மாற்றங்களும் ஒரே இழையில் நடக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கீழ் அடுக்கை மாற்றினாலும் மேல் அடுக்குகளுக்குத் தெரியாது என்பதால் இன்னொரு வசதி கிடைத்தது: டெர்மினலே இல்லாத இடத்தில் லான்டெர்னா ஸ்விங் சாளரம் ஒன்றைத் திறந்து, அதற்குள் தானே டெர்மினலாக நடிக்கும். ஐடிஇ எனப்படும் நிரல் எழுதும் சூழலின் உள்ளிருந்து நிரலைச் சோதிப்பவர்களுக்கு இது பேருதவி. டெல்நெட் வழியே இணைபவருக்குச் சாளரங்களைக் காட்டும் வகுப்பும் அதிலேயே இருக்கிறது.

டர்போ விஷனை நேரடியாகவே முன்மாதிரியாகக் கொண்டது ஜெக்ஸர். அதன் வகுப்புகள்கூட டிஅப்ளிகேஷன், டிவிண்டோ என்று போர்லண்டின் பெயர்களையே தாங்குகின்றன. இழுத்து நகர்த்தவும் அளவு மாற்றவும் கூடிய சாளரங்கள், அவற்றுக்குள் இன்னொரு டெர்மினல், சிக்ஸல் என்ற டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய பட வடிவில் படங்கள் வரை அது செய்துகாட்டியது. எழுத்துக் கட்டங்களின் எல்லை எங்கே என்று தேடிப்பார்த்த முயற்சி அது.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் மிகப் பெரிய சோதனை விண்டோஸ். விண்டோஸ் என்டி வழிவந்த கன்சோல், விடி100இன் வழியைப் பின்பற்றவில்லை. கட்டங்களைக் கையாளத் தனி இயக்குதளச் செயல்கள் இருந்தன. எஸ்கேப் கோவைகளை அனுப்பினால் அம்புக்குறிபோன்ற குப்பைதான் தெரிந்தது. எனவே சி இல்லாத லைப்ரரி விண்டோஸில் தன் ஸ்விங் சாளரத்துக்குள் ஒதுங்க நேர்ந்தது. விண்டோஸ் 10இன் புதுப்பிப்புகளில்தான் மைக்ரோசாஃப்ட் ஆன்சி கோவைகளைக் கன்சோலில் ஏற்றது. 2019இல் விண்டோஸ் டெர்மினல் அறிவிக்கப்பட்டது. விடி100 வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று பெரிய இயக்குதளங்களும் ஒரே மொழி பேசத் தொடங்கின.

மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு சரியாக வரும். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்பதை லான்டெர்னா கணக்கில் கொண்டது. தமிழ் போன்ற மொழிகளுக்குத் தீர்வு இன்னும் முழுமையாக இல்லை. டெர்மினல்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அகலக் கணக்கு, யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தந்த வகையைப் பொறுத்தது. இகரக் குறி இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறியாகவும் அங்கே பதிவாகியுள்ளன. அதனால் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம் என்று கணக்கு வருகிறது. எகரக் குறியும் ஒகரக் குறியின் ஒரு பகுதியும் மெய்க்கு இடப்புறம் நகர வேண்டியவை; கட்டம் கட்டமாக எழுதும் டெர்மினல் பல நேரம் அதைச் செய்வதில்லை. லைப்ரரி ஓர் அகலத்தை எண்ணி வரைய, டெர்மினல் வேறோர் அகலத்தில் காட்டினால், தமிழ் உள்ள வரிகளில் மட்டும் சாளரத்தின் வலச்சட்டம் விலகி நிற்கும். ஜாவாவின் சரங்கள் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அமைந்தவை என்றாலும் இந்தச் சிக்கலை மொழியால் மட்டும் தீர்க்க இயலாது. டெர்மினலும் லைப்ரரியும் ஒரே கணக்கைப் பின்பற்ற வேண்டும்.

2024 மார்ச்சில் வந்த ஜாவா 22, பிறமொழிச் செயல்களை நேரடியாக அழைக்கும் வசதியை மொழியின் நிரந்தரப் பகுதியாக்கியது. ஜேஎன்ஐ கேட்ட சி இடைப்பகுதி இனித் தேவையில்லை. டெர்மினலின் முறையை மாற்றும் யூனிக்ஸ் செயலை ஜாவா நிரலே அழைக்கலாம்; எஸ்டிடிஒய் கட்டளையைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஜேலைனின் மூன்றாம் பதிப்பு இந்த வழியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்தச் செயல் பெற்றுக்கொள்ளும் தரவு அமைப்பு லினக்ஸில் ஓர் அளவும் மேக்கில் வேறோர் அளவும் உடையது. விண்டோஸில் அந்தச் செயலே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வரையறை எழுதிவைக்கும் பொறுப்பை லைப்ரரிகளே இன்றும் சுமக்கின்றன.